கையால் அடித்த உளியை ஆன்லைனில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கும் நண்பரின் கேள்வி சுருக்கமாக இதுதான். மரச் சிற்பம் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். ஆன்லைனில் மூன்று பொருள்களைப் பார்த்து வைத்திருக்கிறார். முதலாவது, உடம்பெல்லாம் சுத்தியல் தழும்போடு கறுப்பாக இருக்கும் ஆறு உளி செட், 1,400 ரூபாய், கடினம் 62 ராக்வெல் (எஃகின் கடினத்தைச் சொல்லும் அளவு) என்று போட்டிருக்கிறது. இரண்டாவது, அலை அலையாகக் கோடு ஓடும் டமாஸ்கஸ் உளி, ஒன்றே 3,500 ரூபாய். மூன்றாவது, ஒரு கொல்லர் தானே விற்கும் நகவுளி, அதாவது வாய் நகம் போல வளைந்த உளி, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, 1,100 ரூபாய். மூன்றிலும் ஹேண்ட் ஃபோர்ஜ்டு என்றே இருக்கிறது, இதில் எது நிஜமாகக் கையால் அடித்தது என்று கேட்கிறார். அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: கொடுக்கிற காசுக்கு உளியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மழுங்காமல் நிற்குமா? கையால் அடித்த மட்டமான உளியும் உண்டு, ஆலையில் அச்சில் அடித்த அருமையான உளியும் உண்டு. அதனால் இரண்டாவது கேள்விக்குத்தான் முக்கியமாகப் பதில் சொல்கிறேன், முதலாவது போகிற வழியில் வரும்.

நான் வியாசர்பாடி தொழிற்பேட்டையில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன். எஃகைச் சூடாக்கி, முக்கி, டெம்பர் செய்து, கடினம் அளந்து அனுப்புவதுதான் எங்கள் வேலை. மரவேலை எனக்கு அதற்கப்புறம் வந்த ஆசை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஓர் உளியின் தரம் மூன்று விஷயத்தில் இருக்கிறது. என்ன எஃகு, அதை எப்படிச் சூடு காட்டினார்கள், என்ன வடிவம். ஆன்லைன் படத்தில் தெரிவது மூன்றாவது மட்டும்தான். முதல் இரண்டையும் எந்தப் படமும் காட்டாது, எத்தனை கிட்டத்தில் எடுத்திருந்தாலும் சரி.

சுத்தியலால் அடிப்பது உளிக்கு வடிவம் கொடுக்கிறது. வாயைக் கொடுப்பது அதற்கு அப்புறம் நடக்கும் வேலை. எஃகில் சுமார் 0.5, 0.6 சதவீதமாவது கார்பன் இருந்தால்தான் உளிக்குத் தேவையான கடினம் வரும். சாதாரண கார்பன் எஃகை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். 770 டிகிரிக்கு மேல் எஃகு காந்தத்தில் ஒட்டாது. உலையில் தெர்மாமீட்டர் இல்லாத கொல்லர்கள் இதை வைத்தும், நிறத்தை வைத்தும் சூட்டைக் கணிக்கிறார்கள். பிறகு எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்குவார்கள். அப்போது வரும் கடினம் அளவுக்கு மீறியது, தட்டினால் நொறுங்கும். அதனால் மறுபடி 200 முதல் 230 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்கி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்க வேண்டும். இதுதான் டெம்பர். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் இந்தச் சூட்டில் வெளிர் வைக்கோல் நிறம் ஏறும். சூடு 300 டிகிரியை நெருங்கினால் நீலம் வந்துவிடும். சுருள்வில்லுக்கு நீலம் சரி, உளிக்கு அது மென்மை. ஒரே துண்டிலிருந்து அடித்த இரண்டு உளிகளில் ஒன்றை 210 டிகிரியிலும் இன்னொன்றை 320 டிகிரியிலும் டெம்பர் செய்து பாலிஷ் போட்டுவிட்டால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். வேலையில் முதல் நாளே வேறு வேறு.

இன்னொரு கெடுதலும் உலையில்தான் நடக்கிறது. சூடு அளவுக்கு மீறிப்போனால் எஃகின் மணி, அதாவது அதற்குள் இருக்கும் நுண் படிகங்கள், பெரிதாகிவிடும். பட்டறையில் மாதிரித் துண்டு ஒன்றை உடைத்து அந்த முகத்தைப் பார்ப்போம். சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் நல்லது, கல் உப்பு மாதிரி மினுமினுத்தால் அந்தத் தொகுதி சரியில்லை. அப்படிப்பட்ட எஃகு கடினமாகவும் இருக்கும், சின்ன அடிக்கே வாய் உதிரவும் செய்யும். வாங்குகிற நீங்கள் உளியை உடைத்துப் பார்க்க முடியாது. அதனால் செய்தவர் நிதானமானவரா என்பதைத்தான் சுற்றி வளைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, படத்திலிருந்து என்ன சொல்லலாம்? சுத்தியல் தழும்பு எதற்கும் சாட்சி இல்லை. தட்டையான பட்டையை வெட்டி, கடைசியில் குழி குழியாகத் தட்டி, கறுப்புப் பெயிண்ட் அடிப்பது சுலபம். தழும்பு எல்லா உளியிலும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் அது அலங்காரத்துக்குப் போட்டது. பக்கவாட்டுப் படம் இதைவிட நன்றாகப் பேசும். அடித்து நீட்டிய உளி கழுத்தருகே தடித்து, வாயை நோக்கி மெதுவாக மெலிந்துகொண்டே வரும். பட்டையிலிருந்து வெட்டியது கழுத்திலிருந்து சரிவு தொடங்கும் இடம் வரை ஒரே தடிமனாக இருக்கும். வெட்டிச் செய்ததே மோசம் என்று நினைக்க வேண்டாம். நல்ல எஃகை வெட்டிச் செதுக்கி, சரியாகச் சூடு காட்டினால் அது முதல்தரமான உளிதான். ஆனால் வெட்டிச் செய்ததைக் கையால் அடித்தது என்று விற்பவர், எஃகைப் பற்றிச் சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

உளியின் பின்பக்கப் படம் இல்லாத பொருளை நான் வாங்க மாட்டேன். பட்டையுளியின் வாய் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. சரிவு ஒரு முகம், தட்டையான பின்பக்கம் இன்னொரு முகம். பின்பக்கத்தில் குழியோ சுத்தியல் தழும்போ இருந்தால், நீங்கள் சாணை பிடிக்கப் பிடிக்க ஒருநாள் அந்தக் குழி வாய்க்கு வந்து சேரும், வாயில் பல் விழுந்த மாதிரி இடைவெளி நிற்கும். வாயிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டராவது சுத்தமான தட்டை வேண்டும். நகவுளியில் இதே வேலையை உட்பக்க வளைவு செய்கிறது. அங்கே அரத்தின் கோடுகள் ஆழமாக வாய் வரை ஓடினால், நீங்கள் எத்தனை நுணுக்கமாகத் தீட்டினாலும் மரத்தில் கீறல் விழும். அந்த உட்பக்கத்தைத் தேய்த்து எடுக்கத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். அதனால் மலிவான உளிகளில் முதலில் கைவிடப்படுவது அந்த இடம்தான்.

கழுத்தையும் பாருங்கள். பிடி நுழையும் குழலோ, பிடிக்குள் நுழையும் காம்போ உளியோடு வெல்டிங் போட்டு ஒட்டியிருந்தால், அந்தச் சேர்மானத்தில் தடித்த வெல்டிங் வரி தெரியும் அல்லது அதைத் தேய்த்த தடம் தெரியும். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடி வாங்கும் உளிக்கு அது பலவீனமான இடம். காம்பு பிடியின் நடுவில் நேராக இறங்கியிருக்கிறதா, பிடியில் பூண் இருக்கிறதா, இதெல்லாம் படத்திலேயே தெரியும். வாயின் மூலைகளில் மட்டும் நீலமோ பழுப்போ படர்ந்திருந்தால், சாணை பிடிக்கும்போது சூடாகி அங்கே டெம்பர் போயிருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய மூலைதான் முதலில் சூடேறும். காசிமேட்டில் மரப் படகு வேலை பார்க்கும் தச்சர்கள் கையில் இருக்கும் வாய்ச்சியையோ (மரம் செதுக்கும் கருவி) பழைய உளியையோ ஒருமுறை கையில் கேட்டு வாங்கிப் பிடித்துப் பாருங்கள். அழகு பெரிதாக இருக்காது, ஆனால் பின்பக்கமும் கழுத்தும் எப்படி இருக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு படங்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

எழுத்தில் வரும் விவரத்துக்கு வருவோம். ஹை கார்பன் ஸ்டீல் என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் தகவல் ஒன்றும் இல்லை. எந்த எஃகு என்று சொன்னால் நாம் கணக்குப் போடலாம். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும். கோடாலி, வாய்ச்சி, தட்டி வேலை வாங்கும் உளிக்கெல்லாம் நல்ல எஃகு, லேசில் உடையாது. ஆனால் நுணுக்கமான சிற்ப வேலையில் அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். ஓடித் தேய்ந்த பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத நுண் விரிசல் இருக்கும் வாய்ப்பும் உண்டு. பேரிங் எஃகில் கார்பன் 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம் அளவில் இருக்கும். சரியாகச் சூடு காட்டினால் வாய் நீண்ட நேரம் நிற்கும், ஆனால் சூட்டில் கொஞ்சம் தவறினாலும் மன்னிக்காத எஃகு அது. பழைய அரத்தில் 1.2 சதவீதம் அளவுக்குக் கார்பன் இருக்கும், அருமையான உளி வரும். அரத்தின் பல் வரிகளை முழுக்கத் தேய்த்து எடுத்திருக்க வேண்டும், அழகுக்கென்று விட்டுவைத்தால் ஒவ்வொரு வரியும் விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். கட்டடக் கம்பியில் அடித்த உளி என்று எங்காவது கண்டால் விட்டுவிடுங்கள். டிஎம்டி கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, அதில் உளிக்கான கடினம் ஏறாது.

முதல் செட்டில் போட்டிருக்கும் அந்த 62 என்ற எண்ணைப் பற்றி. நல்ல உளிகள் பொதுவாக ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை இருக்கும், ஜப்பானிய உளிகள் இன்னும் கொஞ்சம் மேலே போகும். ஆக 62 என்பது நடக்காத எண் இல்லை. ஆனால் கடினத்தை அளக்க மெஷின் வேண்டும், ஒவ்வொரு தொகுதியிலும் எடுத்துப் பார்க்க வேண்டும். என்ன எஃகு என்றே சொல்லத் தெரியாதவர் இந்த எண்ணை மட்டும் துல்லியமாகச் சொல்வது எனக்குச் சந்தேகம் தருகிறது. அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த எஃகு, எத்தனை டிகிரியில் டெம்பர் செய்தீர்கள்? தெரிந்தவர் ஒரு வரியில் பதில் சொல்வார். ஸ்பிரிங் பட்டையில் செய்துவிட்டு 65 என்று யாராவது எழுதியிருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிடலாம், டெம்பர் செய்த பிறகு அந்த எஃகில் அது நிற்காது.

டமாஸ்கஸ் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு மயக்கம் இருக்கிறது, ஏனென்றால் பழைய டமாஸ்கஸ் வாளுக்கு எஃகு நம் பக்கத்திலிருந்து போனது என்பார்கள், ஈரோடு மாவட்டக் கொடுமணல் போன்ற இடங்களில் பழங்காலத்திலேயே எஃகு செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதில் பெருமைப்படுவதில் தப்பில்லை. அந்தப் பழைய எஃகு மூசையில் (உருக்கும் மண் கலத்தில்) உருக்கி எடுத்தது, அதன் வரிகள் எஃகுக்குள்ளேயே தானாக உருவானவை. இன்று ஆன்லைனில் விற்பது இரண்டு வகை எஃகை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் ஒட்ட அடித்து, அமிலத்தில் கோட்டை வெளிக்கொண்டு வந்தது. நன்றாகச் செய்தால் அழகான வேலை, உழைப்பும் நிறைய. ஆனால் உளியின் வாய்க்கு அந்தக் கோடுகளால் தனியாக ஒரு லாபமும் இல்லை, அடுக்குகள் சரியாக ஒட்டாத இடம் வாய்க்கு வந்தால் நஷ்டம்தான் உண்டு. சாதாரண எஃகின் மேல் வெறுமனே கோடு பொறித்து விற்பதும் நடக்கிறது. கையில் வந்த பிறகு கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மறைவான இடத்தில் 400 நம்பர் எமரித் தாளால் தேய்த்துக் கோட்டை எடுத்துவிட்டு, ஃபெரிக் குளோரைடு கரைசலைத் தடவிப் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட் போர்டுக்காக விற்பார்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நிஜ அடுக்காக இருந்தால் கோடு திரும்ப வரும், மேலே மட்டும் பொறித்ததாக இருந்தால் வராது.

வாங்குவதற்கு முன் விற்பவரையும் பார்க்க வேண்டும். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, திருப்பி எடுக்கும் நிபந்தனை, பொருள் எந்த நாட்டில் செய்தது, எல்லாம் வாங்குபவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். இது இல்லாத இடத்தில் ஆயிரம் ரூபாய் போடாதீர்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. படத்தைச் சேமித்துப் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். ஒரே படம் நான்கு பெயரில் நான்கு விலையில் வந்தால் அவர்களில் பெரும்பாலோர் உளியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். கருத்துகளில் பார்சல் வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, ஆறு மாதம் வேலை செய்துவிட்டு எழுதியவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள்.

இனி, உளி கையில் வந்த பிறகு. நிச்சயமான சோதனை இங்கேதான் தொடங்குகிறது, அதனால் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் செய்துவிட வேண்டும். பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பொருளைக் கெடுக்காத சோதனைகள். பின்பக்கத்தில் ஒரு நேரான ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள், இடைவெளி தெரிகிறதா பாருங்கள். பிடி கழற்றும்படி இருந்தால் கழற்றிவிட்டு, காம்பில் நூல் கட்டித் தொங்கவிட்டுத் தட்டுங்கள். நீண்டு ஒலித்தால் நல்லது, அதிர்ந்து சட்டென்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது அரம். நல்ல புது அரமாக எடுத்து, உளியின் பக்கவாட்டு விளிம்பில் வாய்க்கு அருகே ஒருமுறை, கழுத்துக்கு அருகே ஒருமுறை லேசாக இழுங்கள். வாய்ப் பக்கம் அரம் வழுக்க வேண்டும் அல்லது சிரமப்பட்டுக் கொஞ்சமாகக் கடிக்க வேண்டும். கழுத்துப் பக்கம் தாராளமாகக் கடித்தால் குற்றமில்லை, அங்கே மென்மை இருப்பது நல்லதுதான். வாய்ப் பக்கமே வெண்ணெயாக இறங்கினால் அந்த உளியில் கடினம் ஏறவில்லை. ஒரு எச்சரிக்கை: உலையில் சூடாகும்போது எஃகின் மேல் தோலில் மட்டும் கார்பன் எரிந்து போயிருக்கும். அந்தத் தோலை அரம் கடிப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இரண்டு மூன்று இழுப்புக்குப் பிறகு அரம் வழுக்கத் தொடங்கினால் உள்ளே சரியாக இருக்கிறது. கிரைண்டரில் பொறி பார்த்து எஃகைச் சொல்பவர்களும் உண்டு. கார்பன் அதிகமானால் பொறி கிளைகிளையாக வெடிக்கும், குறைந்தால் நீளக் கோடாகப் போகும். பட்டறையில் எங்களுக்கு அது உதவியது, பக்கத்தில் தெரிந்த எஃகு ஒன்றை வைத்து ஒப்பிட்டதால். வீட்டில் ஒரே ஓர் உளியை வைத்துக்கொண்டு அதை நம்பச் சொல்ல மாட்டேன். தவிர, கிரைண்டரில் வைத்த பொருளை விற்றவர் திரும்ப எடுக்க மாட்டார்.

கடைசிச் சோதனை மரத்தில். சரிவை 30 டிகிரி கோணத்தில் தீட்டி, கல்லிலும் தோலிலும் பிசிறு போக எடுத்துவிட்டு, வேங்கை போன்ற கடினமான மரத்தின் வெட்டுமுகத்தில் (நார் குறுக்கே வெட்டுப்பட்ட முகத்தில்) கொட்டாப்புளியால் இருபது முப்பது அடி அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், டெம்பர் சரியில்லாத எஃகு தெறிக்கும். பிறகு வாயை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடாக மின்னி, நகத்தில் இழுத்தால் ஒருபக்கம் மடங்கியது தெரிந்தால் எஃகு மென்மை. சின்னச் சின்னத் துண்டாக உதிர்ந்திருந்தால் அளவுக்கு மீறிக் கடினம். ஆனால் முதல் தீட்டலில் வந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். கையால் அடித்த உளியில் வாயின் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உலையிலோ சாணையிலோ கெட்டுப்போயிருப்பது சகஜம். இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகும் உதிர்ந்தால் குறை உண்மைதான். அப்போதும் ஒரு வழி இருக்கிறது. பிடியைக் கழற்றிவிட்டு, மின் அவனில் 210 முதல் 220 டிகிரி வரை ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் பல நேரம் சரியாகிவிடும். அவனின் முள்ளை நம்பாமல் தனி தெர்மாமீட்டர் வையுங்கள். மென்மையான உளிக்கு வீட்டில் வைத்தியம் கிடையாது, மறுபடி உலைக்குத்தான் போக வேண்டும்.

தேக்கில் மட்டும் சோதித்துவிட்டு உளியைத் திட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது, எந்த உளியின் வாயையும் அது சீக்கிரம் தேய்க்கும். துரு வந்தாலும் உடனே விற்றவரைக் குறை சொல்லாதீர்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலோரமாகவே இருக்கிறோம், உப்புக் காற்றில் கார்பன் எஃகு ஒரே இரவில் சிவந்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் மட்டும் மூடி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும்.

நீங்கள் சொன்ன மூன்றில் நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். அதுதான் சிறந்தது என்று தெரிந்து சொல்லவில்லை, செய்தவரே பேசுகிறார், எஃகு எது என்று மறைக்காமல் சொல்கிறார், அதனால் சொல்கிறேன். ஸ்பிரிங் பட்டையின் குறையையும் தெரிந்துகொண்டே வாங்குகிறீர்கள். செட்டாக எதையும் இப்போது வாங்காதீர்கள். முதலில் ஒரு நகவுளி, பாரிமுனை பக்கம் ஹார்டுவேர் கடையில் கையில் பிடித்துப் பார்த்து 12 மில்லிமீட்டர் பட்டையுளி ஒன்று, நல்ல தீட்டுகல் ஒன்று, இது போதும். பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கொல்லரிடம் நகவுளியின் உட்பக்கம், பக்கவாட்டு, வாயை நேராகப் பார்த்தது என்று மூன்று படம் கேளுங்கள், எதில் முக்கினார், எந்த நிறத்தில் டெம்பரை நிறுத்தினார் என்றும் கேளுங்கள். வாய் உதிர்ந்தால் மாற்றித் தருவாரா என்பதை மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படம் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.